பர்மிங்காம் இரட்டைக்குழலும் துரு தரும் கருமையும்

பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்களில் பலரும் முதலில் கேட்பது, "இதைப் புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கிவிட முடியாதா?" என்றுதான். முடியும். பஃபிங் சக்கரமும், கொதிக்கும் உப்புத் தொட்டியும், ஒரு டப்பா பாலியூரித்தேன் வார்னிஷும் இருந்தால் சில நாட்களிலேயே கண்ணைப் பறிக்கும்படி ஆக்கிவிடலாம். ஆனால் அப்படிப் பளபளக்கும் துப்பாக்கி, தான் பிறந்த பட்டறையிலிருந்து வெளியே வந்த நாளில் ஒருபோதும் அந்தத் தோற்றத்தில் இருந்ததில்லை. பழைய ஃபினிஷை மீட்பதென்றால், செய்தவர் எந்த முறையில் அந்த நிறத்தையும் மெருகையும் கொடுத்தாரோ அதே முறையில் கொடுத்து, அவர் நிறுத்திய இடத்திலேயே நாமும் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் அதிகம் கையாண்டவை இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பர்மிங்காமில் செய்யப்பட்ட '12 போர்' என்னும் குழல் அளவுள்ள, சுடும் பொறி இயங்கு பாகத்துக்குள்ளேயே அடங்கிய 'பாக்ஸ்லாக்' வகைத் துப்பாக்கிகள் என்பதால் அவற்றையே மையமாக வைத்து எழுதுகிறேன்.

நான் வசிக்கும் இந்த நகரத்தின் மையத்துக்குச் சற்று வடக்கே, ப்ரைஸ் தெரு, லவ்டே தெரு, பாத் தெரு ஆகியவற்றைச் சுற்றியுள்ள பகுதிக்கு இன்றும் கன் குவார்ட்டர் என்றே பெயர். அங்கே ஒரு துப்பாக்கியை ஒருவரே முழுதாகச் செய்யும் வழக்கம் இருந்ததில்லை. குழலை அராவிச் சீராக்குபவர், ஆக்‌ஷன் எனப்படும் இயங்கு பாகத்தைப் பொருத்துபவர், மரத்தை இழைத்து இரும்போடு இணைப்பவர், செதுக்கு வேலை செய்பவர், குழலுக்கு நிறமேற்றுபவர், இரும்பைக் கரியில் புதைத்துக் கடினமாக்குபவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கைவினைஞர்கள் இருந்தார்கள். பாதி முடிந்த துப்பாக்கி பட்டறை விட்டுப் பட்டறை போய்க் கடைசியில் ஃபினிஷரிடம் வந்து சேரும். ஆகவே ஒரு சாதாரண பாக்ஸ்லாக்கின் மேற்பரப்பில்கூடப் பல கைகளின் தடம் பதிந்திருக்கிறது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற ஃபினிஷர் ஒருவர், எந்தத் துப்பாக்கியையும் தொடுவதற்கு முன் ஜன்னலோரம் எடுத்துச் சென்று பக்கவாட்டு வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் வேலையின் முதல் பாதி என்பதை அவரோடு நின்று பழகிய பிறகே நான் உணர்ந்தேன்.

தொடரும் முன் ஒரு விஷயம். பிரிட்டனில் ஷாட்கன் வைத்திருக்கக் காவல்துறை வழங்கும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் தேவை. ஆகவே தாத்தாவின் உரிமத்துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்பதற்காக யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமே பிரித்துப் போட்டு உட்கார வேண்டாம். உரிமம் பெற்றவரிடம் கொடுத்து, எதைச் செய்யச் சொல்ல வேண்டும், எதைச் செய்யக் கூடாதென்று சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் பதிவு உதவினால் போதும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, தொடலாமா கூடாதா என்பதை. இதில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பழக்கம் வேறு. பிரிட்டனில் நல்ல துப்பாக்கி என்பது பருவந்தோறும் வேட்டைக்குப் போகும் கருவி. பருவம் முடிந்ததும் அதைச் செய்த நிறுவனத்துக்கோ ஊர்த் துப்பாக்கிக்காரரிடமோ அனுப்பி, பிரித்துத் துடைத்து, தேவைப்பட்டால் குழலுக்கு மீண்டும் கருமையேற்றி, கட்டை எனப்படும் மரப் பாகத்துக்கு எண்ணெய் தேய்த்து வாங்குவது நெடுநாள் வழக்கம். அதனால் முறையாகச் செய்த மறுமெருகை இங்கே யாரும் குறையாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் பார்க்கர் சகோதரர்கள் நிறுவனம் செய்த இரட்டைக்குழல்களையும், நியூயார்க் மாநிலத்தின் ஃபுல்டனில் செய்யப்பட்ட எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளையும் சேகரிப்பவர்கள், தேய்ந்து மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் கொடுத்த முதல் நிறம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். மிக நேர்த்தியாகப் புதுப்பிக்கப்பட்ட பார்க்கரைவிட, பாதி நிறம் இழந்த, யாரும் தொடாத பார்க்கருக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம். இந்த விஷயத்தில் நான் அமெரிக்கர்கள் பக்கம்தான் அதிகம் சாய்கிறேன். கையில் பிடித்துப் பிடித்து நிறம் மங்கிய இடம், ஒரு மனிதர் அந்தத் துப்பாக்கியை எப்படிப் பிடித்தார் என்பதைக் காட்டுகிறது. அதை அழிக்க வலுவான காரணம் வேண்டும். செந்துரு அரிக்கத் தொடங்கியிருந்தால், யாரோ முன்பே தவறான முறையில் புதுப்பித்துக் கெடுத்திருந்தால், எண்ணெய் ஊறி மரம் மக்கத் தொடங்கியிருந்தால், அப்போது கை வைக்கலாம். மற்றபடி மென்மையான துடைப்பும் மெழுகும் போதும்.

கை வைப்பதென்று முடிவானால் குழலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு குழல்களும் மேலும் கீழும் உள்ள நீண்ட பட்டைகளும் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. குழல்களைத் தனியே கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டினால், பற்று உறுதியாக இருக்கும்போது நீண்டு ஒலிக்கும் தெளிவான மணிநாதம் கேட்கும். எங்காவது பட்டை விட்டிருந்தால் ஓசை மொத்தையாக அடங்கிப்போகும். அடுத்தது குழலின் சுவர்த் தடிமன். 12 போர் குழலின் உள்விட்டம் பெயரளவில் 0.729 அங்குலம், சுவரின் மெல்லிய பகுதி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்குக்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாதென்பது பிரிட்டிஷ் தொழிலில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. இவ்வளவு மெல்லிய சுவரில், வெளியே துரு அரித்த குழிகளைப் போக்குகிறேன் என்று தேய்த்துத் தள்ளுபவர் அழகை மட்டும் கெடுப்பதில்லை, பாதுகாப்பையும் சேர்த்து அராவி எடுக்கிறார். ஆழமான குழிகளை அப்படியே விட்டு, அவற்றின் மேலேயே கருமையேற்றுவதுதான் சரி. கருமைக்குள் அவை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதுமில்லை.

குழலின் அடிப்புறத் தட்டைப் பகுதிகளில் சோதனை முத்திரைகள் இருக்கும். இந்தச் சோதனையை நடத்தும் லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637இல் அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்காமின் புரூஃப் ஹவுஸ் என்னும் சோதனைக்கூடம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டு, பான்பரி தெருவில் இன்றும் இயங்குகிறது. வழக்கத்தைவிட வலுவான வெடியைச் செலுத்திப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் இங்கே முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரைகளிலிருந்து துப்பாக்கியின் ஏறத்தாழ வயதையும், அது எந்த வகை வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதென்பதையும் படித்துவிடலாம். ஆகவே அந்தத் தட்டைப் பகுதிகளில் உப்புத்தாள் படவே கூடாது. மேல் பட்டையில் செய்தவரின் பெயரும் முகவரியும் மெல்லிய எழுத்துகளில் செதுக்கப்பட்டிருக்கும். சந்தையில் வரும் துப்பாக்கிகளில் அந்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், யாரோ பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று உடனே சொல்லிவிடலாம். சக்கரம் கூரிய விளிம்புகளைத்தான் முதலில் தின்னும். அப்படித் தின்ற விளிம்பை எந்தக் கைவினைஞராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

பிரிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் திருகுத் தலைகளிலுள்ள வெட்டு மிக ஒடுக்கமானது. கடையில் வாங்கிய திருப்புளி அதில் உட்காராது. ஒவ்வொரு வெட்டின் அகலத்துக்கும் ஏற்ப முனையைத் தேய்த்துப் பொருத்தியே கழற்ற வேண்டும். ஒவ்வொரு திருகும் அதனதன் துளைக்கென்றே தனியாகப் பொருத்தப்பட்டது என்பதால், கழற்றிய வரிசையிலேயே துளையிட்ட அட்டையில் குத்தி வைத்துவிடுவது நல்லது.

பழைய கருமையின் எச்சத்தை மென்மையான அமிலக் கரைசலால் கரைத்து எடுத்துவிடலாம். அதற்கு உராய்வு தேவையில்லை. அதன் பிறகு வரும் கைமெருகுதான் முழு வேலையின் உயிர். தட்டையான மரக்கட்டையோ குழலின் வளைவுக்கேற்பக் குடைந்த கட்டையோ வைத்து, உப்புத்தாளைக் குழலின் நீளவாக்கில் மட்டும் ஓட்ட வேண்டும். குழலை அராவியவர் நீளவாக்கில்தான் அராவினார்; குறுக்கே தேய்த்த ஒரு கோடு இருந்தாலும் கருமைக்குள்ளிருந்து அது எட்டிப் பார்க்கும். 240ஆம் எண் தாளில் தொடங்கி 320, 400 வரை போனால் போதும். அதற்கு மேல் கண்ணாடி போல மெருகேற்றினால் துருக் கரைசல் சீராகப் பிடிக்காது என்பது மட்டுமில்லை, பழைய குழலுக்குரிய அந்த ஆழ்ந்த, அடங்கிய மினுக்கமும் வராமல் போய்விடும்.

இனி கருமை. இந்தக் கருமை மேலே பூசும் சாயமில்லை. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு துருப்பிடிக்கவிட்டு, அந்தத் துருவையே கருநிறப் படலமாக மாற்றுவது. மெருகேற்றிய குழலைச் சுண்ணாம்புக் குழம்பால் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போன பிறகு வெறுங்கை படாமல் பிடிக்க வேண்டும். குழல்களின் இரு முனைகளிலும் மரத்தக்கைகளை இறுக அடித்துவிட வேண்டும், பிடித்துத் தூக்கவும் அவைதான் கைப்பிடி. அமிலத்தில் இரும்பைக் கரைத்துத் தயாரித்த துருக் கரைசலில் சிறு பஞ்சைத் தோய்த்து, ஏறக்குறைய உலர்ந்துவிட்டதோ என்னும் அளவுக்குப் பிழிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பில் தடவ வேண்டும். ஈரம் வழிந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பின்பு ஈரப்பதம் நிறைந்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டால், குழல் முழுக்க மெல்லிய செம்பழுப்புப் பூ பூத்திருக்கும். அதைக் கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் மூழ்கவைத்தால், கண்ணெதிரிலேயே செந்துரு கருமையாக மாறும். நீரேறிய இரும்பு ஆக்சைடு மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாகிறது. குழாய் நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரினும் உப்புகளும் கறையாக நின்றுவிடும்.

நீரிலிருந்து எடுத்ததும் குழல் கறுப்பு வெல்வெட் போர்த்தியது போலிருக்கும். அந்தத் தளர்ந்த கருந்துகளை எண்ணெய் நீக்கிய மெல்லிய இரும்புப் பஞ்சாலோ மிக நுண்ணிய கம்பித் தூரிகையாலோ தேய்த்து எடுக்கும்போது, அடியில் இரும்போடு ஒன்றிவிட்ட படலம் மட்டும் நிற்கும். முதல் சுற்றில் நிற்பது ஒன்றுமில்லை; அழுக்குச் சாம்பல் நிறம், அதுவும் திட்டுத் திட்டாக. புதிதாகக் கற்பவர்கள் மனம் தளர்வது இங்கேதான். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு வெளிச்சத்தில் நீலம் கலந்தும் நிழலில் கருமையாகவும் தோன்றும் நிறம் வந்து உட்காரும். எட்டு, பத்து சுற்று கேட்கும் குழல்களும் உண்டு. எப்போது போதும் என்பதை எண்ணிக்கை சொல்லாது. அடுத்த சுற்றில் நிறம் ஆழமாகவில்லை என்று கண் சொல்லும்போது நிறுத்தி, சோடா கலந்த நீரில் அமிலத்தை முறித்துவிட்டு, குழல் சூடாக இருக்கும்போதே எண்ணெயில் ஊறவிட வேண்டும். பட்டை எங்காவது லேசாக விட்டிருந்தால், ஒவ்வொரு கொதியிலும் உள்ளே தங்கிய பழைய எண்ணெய் கசிந்து வந்து பக்கத்து இரும்பில் நிறம் பிடிக்கவிடாமல் செய்யும். முன்பே தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இவ்வளவு பொறுமை எதற்கு, ஒரே முழுக்கில் கருமையேற்றும் உப்புத் தொட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் சேர்ந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கவைத்து இரும்பை முழுக்கும் அந்த முறை, 1930களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகளில் பரவியது. ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கிகளுக்கும் ரைஃபிள்களுக்கும் அது பொருந்தும். அப்படியே வெளிவந்த பிற்காலத் துப்பாக்கிகளுக்கு அதுதான் அசல் ஃபினிஷும்கூட. ஆனால் ஈயப்பற்றால் இணைத்த இரட்டைக்குழலை அதில் முழுக்கவே கூடாது. அந்தக் காரக் கரைசல் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அரித்துவிடும். பட்டைகள் தொட்டியிலேயே கழன்றுவிட்டால் அதுகூட நல்லதுதான்; குழல் கெட்டுவிட்டதென்று உடனே தெரிந்துவிடும். கழலாமல் பட்டைக்கடியில் உப்பு புகுந்து தங்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். துப்பாக்கியைப் புதுப்பிக்கக் கொடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்த முறையில் கருமையேற்றப் போகிறீர்கள்?

டமாஸ்கஸ் குழல்களுக்கு வேறு கதை. இரும்பும் எஃகும் மாறி மாறி அடுக்கிய கம்பிகளை முறுக்கி, அவற்றை ஓர் உருளையைச் சுற்றிச் சுருளாக வளைத்து, உலையில் அடித்து ஒன்றாக்கிய குழல்கள் அவை. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கருகே வெஸ்ட்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ போன்ற ஊர்களில், 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் செழித்திருந்தது. இரும்பும் எஃகும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை என்பதால், பழுப்பேற்றும்போது முறுக்கின் கோலம் மேலே தெரிய வருகிறது. பிரிட்டிஷ் பட்டறைகள் பெரும்பாலும் செம்பழுப்பில் நிறுத்தின. கொதிநீரில் இடாமல் துருவைத் துருவாகவே வைத்துத் தேய்த்து வளர்ப்பது அந்த முறை. அமெரிக்காவில் பார்க்கர் போன்றவர்கள் கறுப்பும் வெள்ளியுமாகக் கோலம் துலங்கும்படி செய்தார்கள். பர்மிங்காம் துப்பாக்கிக்குப் பார்க்கரின் கறுப்பு வெள்ளையைக் கொடுப்பது பார்க்க எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பிழைதான். மலிவான சில துப்பாக்கிகளில் சாதாரண எஃகுக் குழலின் மேல் டமாஸ்கஸ் கோலத்தை வெறும் தோற்றமாகப் பதித்திருப்பார்கள்; உப்புத்தாள் பட்டதும் அது மறைந்துபோகும், அதன் பிறகு எத்தனை முறை துருவேற்றினாலும் திரும்பி வராது. அதனால் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சிறிது சோதித்துப் பார்த்த பிறகே முழுக்குழலில் கை வைக்க வேண்டும். இன்னொன்று: கரும்பொடி என்னும் பழைய வெடிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட பழைய டமாஸ்கஸ் குழல், அழகாகப் பழுப்பேற்றியதாலேயே இன்றைய தோட்டாவுக்குத் தகுதியாகிவிடாது.

ஆக்‌ஷன் பாகத்தின் வண்ணங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. நீலம், வைக்கோல் மஞ்சள், சாம்பல், பழுப்பு எல்லாம் மேகம் போல ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கும். எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் ஆக்‌ஷனைப் புதைத்து, செந்தணலாகும் வரை சூடேற்றி, சில மணி நேரம் அதே சூட்டில் வைத்து, குளிர்ந்த நீரில் ஒரே வீச்சில் கொட்டுவார்கள். கரி இரும்பின் மேல்தோலுக்குள் ஊறி அதைக் கடினமாக்குகிறது. நீரில் விழும் நொடியில் உண்டாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வண்ணங்களைத் தருகிறது. கடினம் ஆழமானது, வண்ணமோ மேலோட்டமானது. அதனால்தான் கை படும் இடங்களில் வண்ணம் போய் வெள்ளிச் சாம்பல் நிறம் மட்டும் எஞ்சுகிறது. இதை மீண்டும் செய்ய முடியும். நியூயார்க் மாநிலத்தின் ப்ளூம்ஃபீல்டிலுள்ள டர்ன்புல் நிறுவனம் இந்த எலும்புக்கரி முறையால்தான் பெயர் பெற்றது. இருந்தும், வண்ணத்துக்காக மட்டும் ஆக்‌ஷனை மறுபடி உலையில் இடுவதை நான் ஆதரிப்பதில்லை. நீரில் விழும்போது இரும்பு நெளியலாம், திருகுத் துளைகள் நகரலாம், அடிப்பகுதியோடு மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தியிருந்த மரமும் குழலும் பொருந்தாமல் போகலாம். இந்த வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர்களிடம் மட்டும், அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டும் கொடுக்க வேண்டும். அதைவிட மோசமானது, கேஸ் விளக்கின் சுடரைக் காட்டிப் போலி வண்ணம் வரவழைப்பது. வானவில் பட்டைகளாக, ஆழமில்லாமல், விளிம்புகளில் மட்டும் திரண்டு நிற்கும் அந்த நிறங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். தேய்ந்த வெள்ளிச் சாம்பல் நிறமே நேர்மையானது. அதைத் துடைத்து, மெல்லிய மெழுகு தடவி விட்டுவிடலாம்.

இனி மரம். இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசச் சொன்னாலும் பேசுவேன். பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்கு ஐரோப்பிய, ஆசிய வால்நட் மரமும், அமெரிக்கத் துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே வளரும் கறுப்பு வால்நட்டும் பயன்பட்டன. முன்னது இழை நெருக்கம், கரிய கோடுகள் ஓடும் தேன் நிறம். பின்னது சற்றே கரடுமுரடான துளைகளோடு ஒரே சீரான சாக்லேட் பழுப்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. பல அமெரிக்கத் தொழிற்சாலைகள் கட்டைக்கு வார்னிஷ் அடித்தன. அதைச் சுரண்டிவிட்டு ஆங்கிலேய எண்ணெய் மெருகு கொடுத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும், அசலாக இருக்காது.

பழைய கட்டைகளில் பொதுவான நோய் எண்ணெய் ஊறல். துப்பாக்கியைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கும் பழக்கத்தால், இரும்பில் தாராளமாக விட்ட எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கீழே வடிந்து, ஆக்‌ஷனைத் தாங்கும் மரத்தின் தலைப்பகுதியில் ஊறி, அந்த இடம் கறுத்து, நகத்தால் கீறினால் பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னுதை முழுக்க அந்த மரத்தின் மேல்தான் விழுகிறது. விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். சாக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்துக் கெட்டியாக அப்பி, உலர்ந்ததும் உதிர்த்தால் பொடி மஞ்சளாகிப் போயிருக்கும். எண்ணெயை உறிஞ்சியதன் அடையாளம் அது. பொடி வெள்ளையாகவே உதிரும் வரை திரும்பத் திரும்ப அப்ப வேண்டும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

மேலே படிந்த அழுக்கையும் கெட்டியாகிக் கறுத்துப்போன பழைய எண்ணெயையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். மரமும் இரும்பும் சந்திக்கும் விளிம்பில் மரம் மயிரளவு உயர்ந்து நிற்பதே நல்ல வேலையின் அடையாளம். தேய்த்த கட்டையில் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அடிபட்டு அமுங்கிய பள்ளங்களைத் தேய்க்காமலே எழுப்பலாம். ஈரத் துணியைப் பள்ளத்தின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொட்டால், சீறிக் கிளம்பும் நீராவி மரத்துக்குள் நுழைந்து நசுங்கிய இழைகளை உப்பவைக்கும். சில தொடுதல்களில் பள்ளம் மேலே வந்து சமமாவதை விரல் நுனியால் தடவியே உணரலாம். ஆனால் இழை அறுந்து சில்லு பெயர்ந்த இடத்தில் நீராவிக்கு வேலையில்லை.

பிரிட்டிஷ் கட்டைகளின் அந்தச் செம்மை, ஆல்கனெட் என்னும் செடியின் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து எடுக்கும் செந்நிறத்திலிருந்து வருகிறது. மரத்தின் கரிய கோடுகளை மறைக்காமல், இடைப்பட்ட வெளிர்ப்பகுதிக்கு மட்டும் உள்ளிருந்து சூடு ஏற்றுவது போன்ற நிறம் அது. கடையில் விற்கும் எந்தச் சாயத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதன் மேல் துளைகளை நிரப்பும் எண்ணெய்த் தேய்ப்பு. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுத்துக் கிடக்கும். விரல் நுனியில் சில சொட்டு எடுத்து, உள்ளங்கைச் சூடு மரத்தில் ஏறும் வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் முழுதும் துடைத்துவிட்டு, இறுகும் வரை காத்திருந்து மீண்டும் தேய்க்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. அவசரப்பட்டவரின் கட்டையைச் சாய்த்துப் பார்த்தால் துளைகள் ஊசிக்குத்துப் போலத் திறந்தே இருக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறியக் கூடாது. இறுகும்போது வெளிப்படும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடவோ நீரில் முக்கி வைக்கவோ வேண்டும்.

கைப்பிடியில் வெட்டிய சிறு கட்டங்களுக்குள் எண்ணெய் தேங்கவே விடக் கூடாது. அங்குலத்துக்கு 24 கோடு போல நெருக்கமாக வெட்டிய அந்தப் பகுதியை முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கரைப்பானும் கொண்டு சுத்தம் செய்தாலே, தேய்ந்துவிட்டதாக நினைத்த பாதிக் கோடுகள் அழுக்குக்கடியிலிருந்து வெளிவரும். உண்மையாகவே மழுங்கிய கோடுகளை மட்டும் ஒற்றைக் கோட்டு உளியால், பழைய தடத்திலேயே, மிக மெல்ல ஆழப்படுத்தலாம். வெட்டியவரின் கை எங்கே இலேசாகச் சாய்ந்ததோ அங்கே நம் உளியும் சாய்ந்தாக வேண்டும். நேராக்கப் பார்த்தால் அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் நெளிந்துபோகும். சுற்றியுள்ள எல்லைக் கோட்டைத் தாண்டி உளி வழுக்காமல் இருக்க, ஓரங்களுக்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, எதிர்த்திசையிலிருந்து வந்து முடிப்பேன்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, செய்த வேலையை ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியின் பெட்டிக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். தொடுவதற்கு முன் எடுத்த படங்கள், குழலின் சுவர்த் தடிமன் அளவுகள், எந்தப் பாகத்துக்கு எந்த முறையில் நிறமேற்றினேன், எந்தக் கோடுகளை மறுபடி வெட்டினேன், எவற்றைத் தொடாமல் விட்டேன் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அந்தத் துப்பாக்கியைப் பின்னால் வாங்குபவருக்கு இதெல்லாம் தொழிற்சாலை ஃபினிஷ் என்று யாரும் சொல்லி விற்றுவிட முடியாது. அடுத்து அதில் கை வைப்பவரும் எங்கிருந்து தொடங்குவதென்று தெரிந்துகொண்டு தொடங்கலாம்.